தட்டு மாட்டியாச்சான்னு கேளு

எங்க வீட்ல பேச்சுன்னா அது என் வழியாத்தான் போகணும். பட்டறையில இந்த மூலையில அண்ணன் நிப்பார். அந்த மூலையில ஏதாவது வண்டிக்கு அடியில தம்பி படுத்திருப்பான். நடுவுல நான் தையல் மெஷினோட உக்காந்திருப்பேன். "அந்தப் பெரிய ஸ்பேனரைத் தரச் சொல்லு"ன்னு அண்ணன் சுவத்தைப் பாத்துச் சொல்வார். "பெரிய ஸ்பேனராம்டா"ன்னு நான் சொல்வேன். தம்பி அதை என் பக்கமா நீட்டுவான். இன்னும் ஒரு முழம் நீட்டினா அண்ணன் கைக்கே எட்டும், ஆனா நீட்ட மாட்டான். தச்சுக்கிட்டிருக்கிற சட்டையைக் கீழ வச்சிட்டு நான் எழுந்து, வாங்கி, கொடுக்கணும்.

அண்ணி எனக்கு வச்ச பேரு தந்தியாபீசு. "தந்தியாபீசு, சாப்பாடு ரெடின்னு ரெண்டு பேருக்கும் சொல்லிடு"ன்னு உள்ளயிருந்து குரல் கொடுப்பாங்க. அவங்களுக்கு அது சிரிப்பு. எனக்கும் முதல் வருஷம் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

சண்டை என்னன்னு கேட்டா காறித் துப்புவீங்க. ஒரு வாடிக்கைக்காரர் வண்டியில சக்கரம் கழண்டு ஓடிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சக்கரம் மட்டும் ஒரு துணிக்கடைக்குள்ள புகுந்து நின்னுச்சு. கடைசியா நட்டை முறுக்க வேண்டியது நீதான்னு அண்ணன் சொன்னார். நீங்கதான்னு தம்பி சொன்னான். அன்னிக்கு நின்ன பேச்சு, அதுக்கப்புறம் எங்க அப்பா செத்த வீட்ல கூட ஆரம்பிக்கல. அதுலருந்து ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. பாத்தா வேவு பாக்கிறதா ஆகிடுமாம். பேரிங், பிரஸ், வெல்டிங் எல்லாம் அண்ணன். பிரேக், வண்டிக்கு அடியில இருக்கிற வேலை எல்லாம் தம்பி. இதுல ஒரு வழக்கம் வேற. அண்ணன் ஏதாவது கேட்டு நான் போய்ச் சொன்னா, இல்லைன்னாத்தான் தம்பி வாயைத் திறப்பான். ஆமான்னா பேசாம இருப்பான். பதில் வரலன்னா சரின்னு அர்த்தம். பட்டறை அப்படித்தான் ஓடிச்சு.

என் கல்யாணமும் இப்படித்தான் பாதி வழியில நின்னுச்சு. ஒரு மாப்பிள்ளையை அண்ணனுக்குப் பிடிக்கும். "அவன் என்ன சொல்றான்னு கேளு"ம்பார். என் கல்யாணத்துக்கு நானே போய்த் தம்பிகிட்டக் கேக்கணும். அண்ணனுக்குப் பிடிச்சதுங்கிற ஒரே காரணத்துக்காக அவன் உதட்டைப் பிதுக்குவான். தம்பி ஒருத்தரைக் கொண்டு வந்தா அண்ணன் எழுந்து உள்ள போயிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் எத்தனை நாளைக்குத்தான் காத்திருப்பாங்க? வயித்தெரிச்சலா இருக்கும். யார்கிட்டச் சொல்றது? சொல்றதா இருந்தாலும் நான்தானே சொல்லணும்.

அதனாலதான் தனியா தையல் கடை போட ஒரு இடம் கிடைச்சப்போ விடக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னேன். பக்கத்து ஊர், பஸ்ல போனா ஒரு தூக்கம் போடலாம். முன்னால சின்னக் கடை, பின்னால ஒரு ரூம், தண்ணி வசதி. சொந்தக்காரம்மா போன்ல தெளிவாச் சொல்லிட்டாங்க. "சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து சாவியை வாங்கிக்க. வரலன்னா செல்போன் ரிப்பேர்காரன் கேட்டிருக்கான், அவனுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அண்ணன்கிட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் தாடையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துட்டு, "அவன் என்ன சொல்றான்?"னார். தம்பிகிட்டச் சொன்னேன். "அவர் என்ன சொன்னாரு?"ன்னான். அப்போதான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. தம்பி சரின்னுட்டான்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். அண்ணன் சரின்னுட்டார்னு தம்பிகிட்டச் சொன்னேன். இப்போ மறுத்தா மத்தவர் மட்டும் நல்லவராகிடுவாரேன்னு ரெண்டு பேரும் தடுக்கல. இத்தனை வருஷத்துல நான் அடிச்ச முதல் பொய்த் தந்தி அதுதான். எனக்குக் கொஞ்சம்கூட வெக்கமா இல்ல.

சனிக்கிழமை காலையில அப்பாவோட பழைய பிக்கப்ல சாமானை ஏத்தினோம். தையல் மெஷின், வெட்டுற மேசை, மெத்தை, ரெண்டு டிரங்குப் பெட்டி, பள்ளிக்கூடச் சட்டைத் துணி ஒரு மூட்டை. தம்பி ஸ்டியரிங்கைப் பிடிச்சான். முன் சக்கரம் கேட்டோட வாசக்கல்லைத் தாண்டி ரோட்ல இறங்குச்சு. பின் சக்கரம் கல்லுகிட்ட வர்றப்போ தம்பி கொஞ்சம் அழுத்தினான். வண்டிக்கு அடியில இரும்பு ஒடியிற சத்தம். வலது பக்கச் சக்கரம் என்னவோ தூக்கத்துல நடக்கிற மாதிரி மெதுவா வண்டியை விட்டு வெளிய வந்து சாஞ்சுச்சு. வண்டி பின்பக்கம் தரையில உக்காந்துடுச்சு.

ஆக்சில், அதான் சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்துற இரும்புத் தண்டு, ஒடிஞ்சு போச்சு. வண்டி எங்க உக்காந்துச்சுங்கிறதுதான் கொடுமை. எங்க பட்டறைக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற வீட்டுக்கும் சேர்த்து ஒரே கேட்டு. சுத்திலும் ஆள் உயரத்துக்கு மேல சுவர், அதுமேல கண்ணாடிச் சில்லு. அப்பா திருட்டுக்குப் பயந்து கட்டினது. வண்டியோட மூக்கு ரோட்ல, நடு உடம்பு கேட்டோட ரெண்டு தூணுக்கும் நடுவுல, பின்பக்கம் முற்றத்துல. தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல கையை விடலாம், ஆள் நுழைய முடியாது. தம்பி ரோட்டுப் பக்கமா இறங்கி, முன்பக்கமா ஏறி, என் மெத்தை மேல தவழ்ந்து உள்ள வந்தான். 

எதிர் சலூன்காரர் கத்தியோட வெளிய வந்து பாத்தார். "என்ன, கேட்டுக்கு மூடி போட்டுட்டீங்களா?"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வரல. வெயில் இன்னும் முற்றத்துல பாதிகூட வரல, நேரம் இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்பா இருந்தப்பவே வாங்கிப் போட்ட பழைய ஆக்சில் ஒண்ணு பரண் மேல கிடந்துச்சு. புது பேரிங்கும் ஒண்ணு டப்பாவோட இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்னு தம்பி சொன்னான், எங்கிட்டத்தான்.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினான். ஒடிஞ்ச ஆக்சிலோட பாதி சக்கரத்தோட வெளிய வந்துடுச்சு, மீதித் துண்டு உள்ள மாட்டிக்கிச்சு. அதை எடுக்க அடுத்த பக்கத்துச் சக்கரத்தையும் கழட்டி, அந்தப் பக்க ஆக்சிலையும் உருவி, நீளமான கம்பியை விட்டுக் குத்தணும். தம்பி குத்தினான். துண்டு அசையல. கியர் ஆயில் தரையெல்லாம் ஒழுகிச்சு. அந்த நாத்தத்துல நான் நடுவுல நின்னேன்.

"எத்தனை நாளா அதுல ஆயில் பாக்கலன்னு கேளு"ன்னார் அண்ணன்.

"ஆயில் பாத்தியான்னு கேக்குறாரு."

"கண்ணு தெரியாதவர் எல்லாம் ஆயிலைப் பத்திப் பேச வேணாம், முதல்ல கண்ணாடி போடச் சொல்லு."

"கண்ணாடி போடணுமாம் அண்ணே."

"கல்லு மேல ஏத்துறப்போ காலை மெதுவா வைக்கணும்னு தெரியாதவன் எல்லாம் எனக்குக் கண்ணாடி வாங்கித் தர வேணாம்னு சொல்லு."

சொன்னேன். துண்டு வெளிய வந்து விழுந்துச்சு, அதுக்கு யாரும் சந்தோசப்படல. வெயில் முற்றத்தோட நடுவுக்கு வந்துடுச்சு. அண்ணி சோறு ஆறிப்போச்சுன்னு ரெண்டு தடவை வந்து பாத்தாங்க. போறப்போ, "உனக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கும், அந்த ஊர்த் தண்ணி எப்படியோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அண்ணனும் தம்பியும் என் தலைக்கு மேல ஒருத்தரையொருத்தர் திட்டிக்கிட்டாங்க, அந்தத் திட்டு முழுக்க என் வாயிலருந்து போச்சு. என் வண்டி, என் நாள், என் சாவி. இவங்களுக்கு இன்னிக்கும் அந்த நட்டுதான் முக்கியம். எனக்கு மண்டை காஞ்சு போச்சு. இனி ஒரு வார்த்தைகூடக் கடத்த மாட்டேன்னு மனசுக்குள்ளயே முடிவு பண்ணினேன். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. சொன்னா அதுவும் ஒரு சேதியாகிடுமே.

தம்பி பரண்லருந்து எடுத்த ஆக்சிலைத் துடைச்சு என் கையில கொடுத்தான். நல்ல கனம். நான் அதைக் குழந்தையைத் தூக்கிறாப்போல தூக்கிக்கிட்டுப் போய் அண்ணன்கிட்டக் கொடுத்தேன். அவர் பேரிங் அழுத்துற பிரஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு அடுப்புல காலரைச் சூடு பண்ணிக்கிட்டிருந்தார். காலர்னா ஒரு கனத்த இரும்பு வளையம். பேரிங்கை ஆக்சில்ல அழுத்தி ஏத்தினதும், அந்த வளையத்தைப் பழுக்கச் சூடு பண்ணி அதுக்கு மேல போட்டுடணும். ஆறினா அது இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க முடியும்.

"தட்டு மாட்டியாச்சான்னு கேளு"ன்னார் அண்ணன்.

தட்டுங்கிறது பேரிங்கை வண்டியோட சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் தட்டு. அது பிரேக் பக்கம், அதனால தம்பி வேலை. பேரிங் ஏறுறதுக்கு முன்னால அதை ஆக்சில்ல கோர்த்துடணும், அப்புறம் அதுக்கு வழியே கிடையாது.

நான் கேக்கல. கையைக் கட்டிக்கிட்டு கேட்டுப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன். மூணு எட்டு தள்ளி தம்பி பிரேக்கைத் துடைச்சுக்கிட்டிருக்கான், வேணும்னா இவரே கேக்கட்டுமே. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டா செத்தா போயிடுவார்? தம்பிக்கும் காது இருக்கு, அவனுக்கும் அது விழுந்திருக்கும். ஆனா என் குரல்ல வராத எதையும் அவன் காதுல போட்டுக்கிறதில்ல.

ஆக்சிலைக் குனிஞ்சு பாத்தாலே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா தம்பி வேலையை அவர் பாக்க மாட்டாரே. பதில் வரலன்னா சரின்னு அர்த்தம். பேரிங்கை வச்சு பிரஸ்ஸை அழுத்தினார். அது முனகிக்கிட்டே ஏறுச்சு. காலரை இடுக்கியில எடுத்து, ஆறுறதுக்குள்ள டக்குன்னு மேல போட்டார். புகை வந்துச்சு. அவருக்கு வேலையில ஒரு அழகு உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆக்சில் ஆறினதும் நானே தூக்கிக்கிட்டுப் போனேன். தம்பி வாங்கிக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னான். அப்புறம் பக்கத்துல இருந்த மண்ணெண்ணெய் டப்பாவைப் பாத்தான். கழுவுறதுக்கு ஊற வச்சிருந்த தட்டு அதுக்குள்ள கிடந்துச்சு.

"தட்டு மாட்டாம யார் பேரிங் போட்டது?"ன்னு எங்கிட்டக் கேட்டான்.

"தட்டு மாட்டாம யார் ஆக்சிலைக் கொடுத்தது?"ன்னு அண்ணன் அங்கயிருந்து கேட்டார், எங்கிட்டத்தான்.

"அழுத்துறதுக்கு முன்னால கேக்க வேண்டியது யாரு?"

"நான் கேட்டேன். கேக்கச் சொன்னேன். கேட்டேனா இல்லையான்னு சொல்லு."

"சொன்னீங்க. நான் கேக்கல"ன்னேன்.

எதிர் சலூன்ல ரேடியோ பாடுறது கேட்டுச்சு. தம்பி ஆக்சிலைக் கீழ வச்சான். அண்ணன் இடுக்கியைக் கீழ வச்சார். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்தாங்க. நிஜமாவே, கண்ணுக்குக் கண்ணு.

"இவ கேக்கலயாம் அண்ணே"ன்னான் தம்பி.

அண்ணே. இந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். அப்பா படத்துக்கு முன்னால நின்னு வேண்டியிருக்கேன். அது இப்படியா வரணும்?

"பாத்தியா"ன்னார் அண்ணன். "காலையிலருந்தே இவ சரியில்லடா."

"நேத்துலருந்தே. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"இப்போ காலரை வெட்டணும். வெட்டினா பேரிங்கும் போயிடும்."

"பேரிங் கடைக்காரன் சனிக்கிழமை மத்தியானமே மூடியிருப்பான் அண்ணே. இனி திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமை ஆகட்டும். என்ன அவசரம்?"

"சாயங்காலத்துக்குள்ள சாவி வாங்கணும்"னேன். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க, அடுப்புல பால் பொங்குதுன்னு யாரோ சொன்ன மாதிரி. அப்புறம் அவங்க பேச்சைத் தொடர்ந்தாங்க. பேச எவ்வளவோ பாக்கி இருந்துச்சு போல, அணை உடைஞ்ச மாதிரி ஆகிடுச்சு. தம்பி ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணன் பக்கத்துல போட்டுக்கிட்டான். பழைய ஆக்சில் எதனால ஒடிஞ்சதுன்னு ஒடிஞ்ச முகத்தைத் தடவிப் பாத்து ரெண்டு பேரும் சேர்ந்து ஆராய்ஞ்சாங்க. ரொம்ப நாளாவே விரிசல் இருந்திருக்கு, நீ ஏத்தினதால இல்லடான்னு அண்ணன் சொன்னார். தம்பிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் கடை, சாவி எல்லாம் மறந்து, இது போதும்னு நினைச்சேன்.

அப்போதான் அண்ணன் கேட்டார். "ஆமா, இவ போறதுக்கு நீ எப்படிடா சரின்னே?"

"நானா? நீங்க சரின்னுட்டதா இவதானே சொன்னா?"

"நான் எப்போ சொன்னேன்?"

இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாத்தாங்க. ரெண்டு முகத்துலயும் எங்க அப்பா முகம் தெரிஞ்சுச்சு. பேசாம இருந்த காலத்துல ரெண்டு பேர் நடுவுலயும் ஒரு சந்து இருந்துச்சு, அதுல நான் எப்படியோ மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன். இப்போ அது மூடிக்கிச்சு. கேட்டும் அடைச்சுக் கிடக்கு.

"சரி விடு"ன்னார் அண்ணன், தம்பிகிட்ட. "இவ எங்க போகப் போறா? சாமானை இறக்கிடலாம். வெயில் தாழட்டும்."

"ஆமாண்ணே. மெஷினை மறுபடி அந்த நடு இடத்துலயே போட்டுடலாம். வெளிச்சம் நல்லா இருக்கும்."

அந்த நடு இடத்தைப் பாத்தேன். என் கால் பட்டுப் பட்டுத் தரை அங்க மட்டும் வழவழன்னு இருந்துச்சு. காலையிலருந்து நான் இந்த வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். பஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அண்ணன் பேரிங் போட்டு, தம்பி ஓட்டி, ரெண்டு பேரும் அனுப்பி வச்ச மாதிரி போகணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசைதான் என்னை இங்க நிறுத்தி வச்சிருந்துச்சு. ஒடிஞ்ச ஆக்சில் மேல பழியைப் போட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

அண்ணன் பெட்டியிலருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். யார்கிட்டயும் கேக்கல. கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வண்டி மேல ஏறினேன்.

"ஏறாதக்கா, வண்டி ஸ்டாண்டு மேல நிக்குது"ன்னான் தம்பி.

ஏறிட்டேன். மெஷினைக் கட்டியிருந்த கயித்தை அவிழ்த்தேன். மெஷின் சக்கரத்துலருந்து பெல்ட்டைத் தள்ளி விட்டேன். கால் மெஷினோட தலை, அதான் ஊசியோட இருக்கிற மேல்பாகம், பின்பக்கம் ரெண்டே ரெண்டு திருகுல நிக்குது. ரெண்டையும் தளர்த்தினா கையோட வந்துடும். மிதிக்கிற கட்டை, ஸ்டாண்டு, மேசை எல்லாம் எந்த ஊர்லயும் பழைய சாமான் கடையில கிடைக்கும். தலை இருந்தா நான் டெய்லர். இது காலையிலருந்து என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு.

ரெண்டு திருகும் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. நான் மாசா மாசம் எண்ணெய் விடுறவ. தலையை ஒரு போர்வையில சுத்தி முடிச்சுப் போட்டேன். மெத்தை மேல கால் வச்சு, வண்டியோட கூரை மேல ஏறி நின்னேன். கீழ ரோடு தெரிஞ்சுச்சு. மூட்டை இடுப்பை ஒடிச்சுச்சு. சலூன்காரர் யாரோ ஒருத்தருக்குப் பாதி முகம் சவரம் பண்ணி விட்டுட்டு ஓடி வந்தார்.

முற்றத்துல ரெண்டு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. அண்ணன் என்னைப் பாக்கல. அவர் கோவம் எனக்குத் தெரியும், கோவம்னா அவர் பாக்க மாட்டார். சுவத்தைப் பாத்துக்கிட்டு, "எங்க போறான்னு கேளுடா"ன்னார்.

தம்பி அண்ணாந்து என்னைப் பாத்தான். "அக்கா, எங்க போறேன்னு அண்ணன் கேக்குறாரு."

நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துடுச்சு. அழுகையும்தான். சொல்லியிருந்தா அவன் அதை எடுத்துக்கிட்டுப் போய் அவர்கிட்டக் கொடுத்திருப்பான். நான் குனிஞ்சு மூட்டையைச் சலூன்காரர்கிட்ட நீட்டினேன். அவர் ரெண்டு கையாலயும் வாங்கி, கனத்துல ஒரு அடி பின்னால போனார். நான் பானட்ல உக்காந்து சறுக்கி ரோட்ல இறங்கினேன்.

"பதில் சொல்ல மாட்டேங்கிறா அண்ணே"ன்னு தம்பி சொல்றது கேட்டுச்சு.

"திரும்பக் கேளு"ன்னார் அண்ணன்.

அவர் குரல் உடைஞ்சிருந்துச்சு. அவர் எனக்கு ஒரு வண்டி நீளம் தள்ளித்தான் நின்னுக்கிட்டிருந்தார். பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தா நான் நின்னிருப்பேன். தம்பி திரும்பக் கேட்டான். நான் மூட்டையை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் நிக்கிற பக்கமா நடந்தேன்.